பெட்ரோல் டேங்க்ல இருந்து டயர் வரைக்கும்: வண்டி பார்ட்ஸ் எல்லாம் புரியற மாதிரி ஒரு முழு வழிகாட்டி

என் கார்ல முன்பக்கம் மெதுவா போறப்ப 'டொக் டொக்'னு ஒரு சத்தம் வந்துச்சு. நேரா ஒர்க்‌ஷாப் போய் "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு போல, மாத்திடுங்க"ன்னு சொன்னேன், அவங்களும் ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டாங்க, வண்டிய எடுத்து முதல் பள்ளத்துல இறக்கினதும் அதே டொக் டொக். அப்புறம் வேற ஒரு மெக்கானிக்கிட்ட போனேன், அவர் பார்ட் பேரே கேக்கல. "சத்தம் எப்ப சார் வருது? நேரா போறப்பவா, திருப்பறப்பவா? ரெண்டு வீலும் ஒண்ணா இறங்கறப்பவா, ஒரு பக்கம் மட்டும் இறங்கறப்பவா?"ன்னு தான் கேட்டார். ஒரு பக்கம் இறங்கறப்பன்னு சொன்னதும் வீலுக்குப் பின்னாடி கைய விட்டு, சாண் நீளத்துல இருந்த ஒரு கம்பிய புடிச்சு ஆட்டினார். டொக் டொக். அது ஸ்டெபிலைசர் லிங்க். ஷாக் அப்சார்பர் ரெண்டும் நல்லாவே இருந்திருக்கு.

அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது, பார்ட் பேர் தெரிஞ்சிருந்தா மட்டும் பத்தாது, அது எந்த வேலைய எந்த இடத்துல செய்யுதுன்னு தெரிஞ்சிருக்கணும். பேர மனப்பாடம் பண்ணா ரெண்டு நாள்ல மறந்துடும். ஆனா எரிபொருள் உள்ள போறதுல இருந்து டயர் உருளற வரைக்கும் சக்தி எந்த வழியா போகுதுன்னு பின்னாடியே நடந்து போய்ப் பார்த்தா ஒவ்வொரு பேரும் அதுவா மனசுல உக்காந்துக்கும். இங்க அப்படித்தான் போகப் போறோம்.

படி 1: மொத்த வழிய ஒரு தடவ பார்த்துக்கோங்க

டேங்க், இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில், வீல். சக்தி போற பாதை இவ்ளோ தான். மத்ததெல்லாம் இந்தப் பாதைக்குத் துணை: ஆயில், கூலன்ட் (இன்ஜின ஆற வெக்கற திரவம்), பேட்டரி இதெல்லாம் இன்ஜின உயிரோட வெச்சிருக்க, ஸ்டியரிங் சஸ்பென்ஷன் வண்டிய நம்ம சொன்ன பக்கம் கொண்டு போக, பிரேக் நிறுத்த. ஏதாவது ஒரு பார்ட் பேர் கேட்டா முதல்ல இது எந்தக் கூட்டத்துல சேரும்னு யோசிங்க, பாதி புரிஞ்ச மாதிரி.

படி 2: இன்ஜின், நிதானமா

ஊசி போடற சிரிஞ்ச நினைச்சுக்கோங்க. வெளிய இருக்கற குழாய் தான் சிலிண்டர், உள்ள மேல கீழ போறது பிஸ்டன், அது முனையில இறுக்கமா இருக்கற ரப்பர் செய்யற வேலைய இன்ஜின்ல செய்யறது பிஸ்டன் ரிங். பொதுவா ஒரு பிஸ்டனுக்கு 3 ரிங் இருக்கும், மேல ரெண்டும் அழுத்தம் கீழ கசியாம புடிக்கும், மூணாவது ஆயில் ரிங், சிலிண்டர் சுவத்துல ஒட்டியிருக்கற ஆயில வழிச்சு கீழ அனுப்பும். "ரிங் போயிடுச்சு, வண்டி ஆயில் குடிக்குது"ன்னு மெக்கானிக் சொல்றாரே, அது இந்த ஆயில் மேல ஏறி எரியறது தான், சைலன்சர்ல நீலப் புகை வரும்.

சரி, பிஸ்டன் மேல கீழ தான் போகும், ஆனா வீல் சுத்தணும். பழைய தையல் மெஷின்ல கால் மேல கீழ மிதிக்குது, பெரிய சக்கரம் சுத்துது இல்லையா, நடுவுல ஒரு ராடு இருக்கும். இங்க அந்த ராடு தான் கனெக்டிங் ராடு, அது போய் மாட்டற வளைஞ்ச தண்டு கிராங்க் ஷாஃப்ட், அதோட கடைசியில இருக்கற கனமான சக்கரம் ஃப்ளைவீல். தையல் மெஷின்ல மிதிக்கறத நிறுத்தினாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்துமே, அந்த வேகத்த வெச்சு தான் இன்ஜினும் அடுத்த சுத்துக்குப் போகுது.

ஃபோர் ஸ்ட்ரோக்னா நாலு வேலை: காத்தையும் பெட்ரோலையும் உறிஞ்சறது, அழுத்தறது, எரிஞ்சு பிஸ்டன கீழ தள்றது, புகைய வெளிய தள்றது. நிக்கோலாஸ் ஓட்டோ 1876ல ஓட்டிக் காட்டினது இந்த முறை தான், இன்னைக்கு வரைக்கும் இந்த நாலு மாறல. நாலுல ஒண்ணு மட்டும் தான் சம்பாதிக்கற ஸ்ட்ரோக், மீதி மூணும் செலவு. இந்த நாலும் முடிய கிராங்க் 2 சுத்து சுத்தணும். மீட்டர்ல 3000 ஆர்பிஎம் காட்டுதுன்னா நிமிஷத்துக்கு 3000 சுத்து, அதாவது செகண்டுக்கு 50, ஒரு சிலிண்டர்ல செகண்டுக்கு 25 தடவ தீப்பிடிக்குது, நாலு சிலிண்டர் வண்டில மொத்தம் 100 தடவ. நீங்க சாதாரணமா ரோட்ல போயிட்டு இருக்கறப்ப உள்ள நடக்கறது இது.

காத்து உள்ள வரவும் புகை வெளிய போகவும் மேல கதவு வேணும், அது தான் வால்வ். கதவ சரியான நேரத்துல திறக்கறது கேம் ஷாஃப்ட், கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. இந்த ரெண்டையும் ஒண்ணா கட்டி வெச்சிருக்கறது டைமிங் பெல்ட் இல்லன்னா டைமிங் செயின். செயின் பொதுவா நீண்ட நாள் உழைக்கும், பெல்ட் ரப்பர், மேனுவல்ல போட்ட கிலோமீட்டர்லயோ வருஷத்துலயோ எது முதல்ல வருதோ அப்ப மாத்தியே ஆகணும். ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, நிறைய இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வ் திறந்த நிலையிலயே நின்னுடும், மேல வர்ற பிஸ்டன் அது மேல மோதி வால்வ் வளைஞ்சிடும், ஒரு பெல்ட் மாத்தற வேலை இன்ஜினையே பிரிக்கற வேலையாயிடும்.

ஆக்சிலரேட்டர் மிதிச்சா பெட்ரோல் ஊத்தறோம்னு நாம நினைக்கறோம், உண்மையில பெட்ரோல் வண்டில நாம திறக்கறது காத்து வர்ற வழிய தான். அந்தக் கதவு பேர் த்ராட்டில் பாடி. எவ்ளோ காத்து வருதுன்னு சென்சார் அளந்து சொல்லும், ஈசியூங்கற கம்ப்யூட்டர் அதுக்கு ஏத்த பெட்ரோல இன்ஜெக்டர் வழியா பீய்ச்சும். 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய கிட்டத்தட்ட 14.7 கிலோ காத்து வேணும், அதனால தான் ஏர் ஃபில்டர் அடைச்சா பிக்கப் போயிடுது, மூக்க பொத்திட்டு ஓடற மாதிரி தான். சைலன்சர் பைப்ல இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் எரிஞ்சது சரியான அளவுலயான்னு பார்த்து ஈசியூவுக்குத் திருப்பிச் சொல்லும். பழைய வண்டில இந்தக் கலவைய கார்புரேட்டர் செஞ்சுட்டு இருந்துச்சு.

பெட்ரோலுக்கு நெருப்பு குடுக்கறது ஸ்பார்க் பிளக், அதுக்கு ஹை வோல்டேஜ் குடுக்கறது இக்னிஷன் காயில். வண்டி நடுங்கி நடுங்கி ஓடுதுன்னா, "மிஸ்ஸிங் அடிக்குது"ன்னு சொல்றது, அதிகமா இந்த ரெண்டுல ஒண்ணா இருக்கும். டீசல் வண்டில ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காத்த மட்டும் 15, 20 மடங்கு அழுத்துவாங்க, அழுத்தற அழுத்துல காத்து கொதிச்சுப் போயிருக்கும், அதுல டீசல பீய்ச்சினா தானா பத்திக்கும். ருடால்ஃப் டீசல் 1897ல ஓட்டிக் காட்டின இன்ஜினோட அடிப்படை இதே தான். டீசல் வண்டில இருக்கற க்ளோ பிளக் குளிர்ல ஸ்டார்ட் ஆக சூடு மட்டும் பண்ணும். தப்பித் தவறி டேங்க்ல எரிபொருள் மாத்தி அடிச்சுட்டா ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவியக்கூட திருப்பாதீங்க, நிறைய வண்டில சாவி போட்டதுமே ஃப்யூல் பம்ப் ஓட ஆரம்பிச்சு லைன் பூரா இழுத்துடும். டேங்க்ல மட்டும் இருக்கறவரைக்கும் வெறும் டேங்க் காலி பண்ற வேலை தான்.

டர்போன்னா என்னன்னு நிறைய பேர் கேக்கறாங்க. வெளிய போற புகைய வெச்சே ஒரு குட்டி விசிறிய சுத்த வெச்சு, அதே தண்டோட இன்னொரு முனையில இருக்கற விசிறியால இன்ஜினுக்குள்ள காத்த திணிக்கறது. அது நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்துக்கு மேலயும் போகும். திணிச்ச காத்து சூடாயிடும், அத ஆற வெக்கறது இன்டர்கூலர்.

சிலிண்டர் பிளாக்குக்கும் மேல இருக்கற சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான தகடு இருக்கு, ஹெட் கேஸ்கெட். எரியற அழுத்தம், ஆயில் வழி, கூலன்ட் வழி மூணையும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம பிரிச்சு வெச்சிருக்கறது அது ஒண்ணு தான். இன்ஜின் ஓவர்ஹீட் ஆனா முதல்ல அடி வாங்கறதும் அது தான். ஆயில் மூடிய திறந்தா பால் கலந்த மாதிரி வெளுப்பா இருக்கு, கூலன்ட் காரணமே இல்லாம குறையுது, சூடான பிறகும் அடர்த்தியா வெள்ளப் புகை வருதுன்னா வண்டிய ஓட்டாம செக் பண்ணுங்க. கறுப்புப் புகைன்னா எரிபொருள் அதிகம், காத்து கம்மி.

படி 3: விளம்பரத்துல போடற நம்பர படிக்கறது

சிசின்னா எல்லா பிஸ்டனும் மேல இருந்து கீழ வர்றப்ப விடற இடத்தோட கொள்ளளவு. சிலிண்டர் விட்டத்துக்கு போர்னு பேர், பிஸ்டன் நகர்ற தூரம் ஸ்ட்ரோக். போர் 8 செமீ, ஸ்ட்ரோக் 8 செமீன்னா ஒரு சிலிண்டர் சுமார் 402 சிசி, நாலு சிலிண்டருக்கு 1608, இத தான் 1.6 லிட்டர் இன்ஜின்னு சொல்றாங்க.

டார்க், பவர் இந்த ரெண்டும் தான் எல்லாரையும் குழப்பும். ஸ்பேனர போட்டு போல்ட்ட திருப்பறீங்க, கை குடுக்கற முறுக்கு தான் டார்க். ஸ்பேனர் நீளமா இருந்தா சுலபமா திரும்புது, ஏன்னா அதே பலத்துக்கு முறுக்கு அதிகம். 1 மீட்டர் தூரத்துல 1 நியூட்டன் பலம் குடுத்தா 1 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்க எவ்ளோ வேகமா திரும்பத் திரும்பக் குடுக்க முடியுதுங்கறது பவர். நியூட்டன் மீட்டர ஆர்பிஎம்மால பெருக்கி 9549ஆல வகுத்தா கிலோவாட் வந்துடும். 100 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்பிஎம்னா கிட்டத்தட்ட 42 கிலோவாட், பிஎஸ் கணக்குல 57. பிஎஸ்ஸும் ஹெச்பியும் ரெண்டும் குதிரை சக்தி தான், ஆனா ஒண்ணு 735.5 வாட், இன்னொன்னு 745.7 வாட், அதனால ரெண்டு வண்டிய ஒப்பிடறப்ப ஒரே அளவுல ஒப்பிடுங்க.

என்னைக் கேட்டா அதிகபட்ச பவர விட, டார்க் எந்த ஆர்பிஎம்ல கிடைக்குதுன்னு பாருங்க. 1800ல கிடைக்கற வண்டி மேட்டுல கியர மாத்தாமயே இழுக்கும், 4500ல கிடைக்கற வண்டிய மிதிச்சு எழுப்பணும்.

படி 4: ஆயிலும் கூலன்ட்டும்

ஆயில் டப்பால 5டபிள்யூ-30ன்னு போட்டிருக்கும். டபிள்யூ குளிர்காலத்துக்கு உள்ள குறி. அதுக்கு முன்னாடி நம்பர் எவ்ளோ சின்னதோ குளிர்ல அவ்ளோ சீக்கிரம் ஓடும், பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்னு சொல்லுது. "கெட்டி ஆயில் போட்டா இன்ஜினுக்கு நல்லது"ன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, இன்ஜினுக்குள்ள இருக்கற இடைவெளி முடி கனத்துக்கும் கம்மி, அதுக்குன்னு கணக்குப் போட்டுத்தான் கம்பெனி மேனுவல்ல ஒரு நம்பர் குடுத்திருக்கு.

செக் பண்றது சுலபம்: சமமான தரையில நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, டிப் ஸ்டிக்க எடுத்து துடைச்சு, திரும்ப முழுசா சொருகி எடுத்துப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். மேல் கோட்டத் தாண்டி ஊத்தறதும் தப்பு தான், கிராங்க் அதுல அடிச்சு நுரையாக்கிடும், நுரை ஆயில் மாதிரி வேலை செய்யாது.

கூலன்ட்டு சுத்தற வழி இது: வாட்டர் பம்ப் தள்ளும், இன்ஜின சுத்தி ஓடி சூட்ட வாங்கிக்கும், ரேடியேட்டர்ல போய் ஆறும். நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு கதவு, இன்ஜின் குளிர்ச்சியா இருக்கறப்ப மூடியே இருக்கும், 80-90 டிகிரி வாக்குல திறக்கும். அது மூடின படியே மாட்டிக்கிட்டா வண்டி கொதிக்கும், திறந்தபடியே மாட்டிக்கிட்டா இன்ஜின் சூடே ஏறாம மைலேஜ் குறையும், அதனால அத கழட்டிப் போட்டுட்டு ஓட்டறது தீர்வு கிடையாது.

இந்த மொத்த வழியும் அழுத்தத்துல இருக்கு, அதனால தான் 100 டிகிரி தாண்டியும் கூலன்ட் கொதிக்காம இருக்கு. சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய திறந்தீங்கன்னா அழுத்தம் சட்டுனு போயிடும், உள்ள இருக்கறது அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும். தயவுசெஞ்சு ஆறின பிறகு மட்டும் திறங்க, கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தா கூட வேண்டாம்.

படி 5: கரண்ட்

பேட்டரி ஸ்டார்ட் பண்ண, ஓடறப்ப கரண்ட் குடுக்கறது ஆல்டர்னேட்டர், பழைய ஆளுங்க டைனமோன்னு சொல்றது. ஸ்டார்ட்டர் மோட்டார தான் செல்ஃப்னு சொல்றோம். ஒரு மல்டிமீட்டர் இருந்தா போதும்: வண்டி ஆஃப்ல சில மணி நேரம் நின்ன பிறகு 12.6 வோல்ட்னா பேட்டரி ஃபுல், 12.0க்குக் கீழன்னா கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடறப்ப பொதுவா 13.8ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும், ஓடறப்பவும் 12.3லயே நின்னா பேட்டரிய மாத்திப் பிரயோஜனம் இல்ல, ஆல்டர்னேட்டரயும் பெல்ட்டயும் பாருங்க. செல்ஃப் அடிக்கறப்ப 'டக்டக்டக்'னு மட்டும் வந்தா பேட்டரி வீக், இல்லன்னா டெர்மினல்ல வெள்ளையா பூத்துப் போய் காண்டாக்ட் இல்ல.

படி 6: கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல்

ரெண்டு கையையும் ஒண்ணோட ஒண்ணு அழுத்தி வெச்சு ஒரு கைய திருப்பிப் பாருங்க, இன்னொன்னும் கூடவே திரும்பும். அழுத்தத்த விட்டீங்கன்னா ஒண்ணு மட்டும் தேய்ச்சுட்டுப் போகும். கிளட்ச் அவ்ளோ தான். ஒரு பக்கம் ஃப்ளைவீல், நடுவுல கிளட்ச் பிளேட், அத ஃப்ளைவீலோட அழுத்திப் புடிக்கறது பிரஷர் பிளேட், பெடல மிதிக்கறப்ப அந்த அழுத்தத்த விலக்கறது ரிலீஸ் பேரிங். கைய தேய்ச்சா சூடாகுதே, பாதி கிளட்ச்ல வண்டிய மேட்டுல நிறுத்தி வெக்கறப்ப பிளேட்டுக்கும் அதே தான், அதனால மேட்டுல நிக்க ஹேண்ட் பிரேக்க பயன்படுத்துங்க, கிளட்ச் மேல கால வெச்சே ஓட்டற பழக்கத்த விடுங்க. பிளேட் தேஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்? பெரிய கியர்ல போயிட்டு இருக்கறப்ப நல்லா மிதிங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வேகம் ஏறலன்னா ஸ்லிப் ஆகுது.

கியர்பாக்ஸ் முறுக்க பெருக்கற பெட்டி. முதல் கியர் 3.5, டிஃபரன்ஷியல் 4ன்னு வெச்சுப்போம், மொத்தம் 14. இன்ஜின் 14 சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்து, ஆனா 100 நியூட்டன் மீட்டர் வீலுக்கு வர்றப்ப 1400 ஆயிடுது, உராய்வுல போறது தனி. அதனால தான் முதல் கியர் மேட்டுல இழுக்குது, வேகம் வரல. அஞ்சாவது 0.8ன்னா மொத்தம் 3.2, இழுப்பு கம்மி, வேகம் அதிகம். கியர் போடறப்ப வேற வேற வேகத்துல சுத்தற ரெண்டு பல்ல ஒரே வேகத்துக்குக் கொண்டு வர்றது சிங்க்ரோமெஷ். ஒரே ஒரு கியர்ல மட்டும் 'கர்ர்'னு வந்தா அந்த கியரோட சிங்க்ரோ ரிங், எல்லா கியர்லயும் வந்தா கிளட்ச் முழுசா விலகல.

திரும்பறப்ப வெளி பக்க வீல் அதிக தூரம் போகணும், உள் பக்க வீல் கம்மி. ரெண்டுக்கும் சக்தியும் குடுத்து, வேற வேற வேகத்துல சுத்தவும் விடறது டிஃபரன்ஷியல். ஒரு வீல் சேத்துல மாட்டினா அது மட்டும் சும்மா சுத்தறதும் இதனால தான். பின் வீல் இழுக்கற வண்டில கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி போற நீளமான தண்டு புரொபெல்லர் ஷாஃப்ட், நிறைய பேர் ஜாயின்ட்டுன்னே சொல்றாங்க, அதுல மடங்கற இடம் கிராஸ். முன் வீல் இழுக்கற வண்டில அந்த வேலைக்கு டிரைவ் ஷாஃப்ட்டும் சிவி ஜாயின்ட்டும். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா போறப்ப 'கட கட கட'ன்னு வந்தா சிவி ஜாயின்ட். அது மேல இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சப்பவே மாத்தியிருந்தா ஜாயின்ட் தப்பிச்சிருக்கும், ஏன்னா கிரீஸ் வெளிய போய் மண்ணு உள்ள போறது தான் அத சாகடிக்குது.

பேட்டரி வண்டில இந்தப் படில பாதி கிடையாது, மோட்டார் நின்ன இடத்துலயே முழு டார்க் குடுக்கறதால கிளட்ச் வேண்டாம், பெரும்பாலும் ஒரே ஒரு கியர் விகிதம் தான்.

படி 7: சஸ்பென்ஷன், ஸ்டியரிங்

ஸ்பிரிங் குலுக்கல வாங்கும், ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங் திரும்பத் திரும்ப ஆடாம அடக்கும். என் கதையில மாத்தின அந்த ஷாக் அப்சார்பர் கெட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னா, ஒரு மேட்டுல ஏறி இறங்கின பிறகும் வண்டி படகு மாதிரி ரெண்டு மூணு தடவ ஆடும், அது மேல ஆயில் கசிஞ்ச ஈரமும் தெரியும். ரெண்டும் என் வண்டில இல்ல. ஸ்டெபிலைசர் பார்ங்கறது இடது வலது வீல இணைக்கற கம்பி, வளைவுல வண்டி ஒரு பக்கமா சாயாம புடிக்கும், அத வீல் பக்கம் மாட்டற குட்டிக் கம்பி தான் லிங்க். ரெண்டு வீலும் ஒண்ணா ஏறி இறங்கினா அந்த பாருக்கு வேலையே இல்ல, ஒரு வீல் மட்டும் இறங்கினா தான் முறுக்கிக்கும், அப்ப தான் தேஞ்ச லிங்க் சத்தம் போடும். அந்த மெக்கானிக் ஏன் அப்படி கேட்டார்னு இப்பப் புரியுதா?

லோயர் ஆர்ம் வீல வண்டியோட புடிச்சு வெக்கற கை, அதோட மூட்டு பால் ஜாயின்ட், ரப்பர் மெத்தை புஷ். ஸ்டியரிங் சுத்தறத இடம் வலமா மாத்தறது ரேக் அண்ட் பினியன், வீலுக்குக் கொண்டு போறது டை ராடு எண்ட். டை ராடு எண்ட்லயோ பால் ஜாயின்ட்லயோ பிளே, அதாவது லூஸா ஆட்டம், இருக்குன்னு சொன்னா தள்ளிப் போடாதீங்க, அது கழண்டா வீல் உங்க பேச்ச கேக்காது. வேகம் கூடக் கூட 'ஊஊ'ன்னு சத்தம் கூடுது, திருப்பறப்ப சத்தம் மாறுதுன்னா வீல் பேரிங்.

படி 8: பிரேக்

பெடல மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயில தள்ளும், அந்த அழுத்தம் குழாய் வழியா நாலு வீலுக்கும் போகும். டிஸ்க் பிரேக்ல கேலிப்பர்ங்கற கை ரெண்டு பேட வெச்சு டிஸ்க்க கிள்ளும். டிரம் பிரேக்ல ஷூ உள்ள இருந்து வெளிய விரிஞ்சு டிரம்ம தேய்க்கும். பெடல சுலபமாக்கறது பூஸ்டர், இன்ஜின் ஆஃப் ஆனா ஒண்ணு ரெண்டு மிதிக்கு மேல பெடல் கல்லு மாதிரி ஆயிடும், அதனால இறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணி உருட்டிட்டுப் போறது உயிரோட விளையாடறது.

நிறைய பேட்ல ஒரு குட்டித் தகடு இருக்கும், பேட் தேஞ்சதும் அது டிஸ்க்ல உரசி 'கீச்'னு கத்தும். அது கெஞ்சற சத்தம், அப்பவே மாத்திட்டா பேட் மட்டும் தான். 'கர கர'ன்னு அரைக்கற சத்தம் வந்துட்டா இரும்போட இரும்பு, டிஸ்க்கும் போச்சு.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். டாட் 4 புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறின பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிடும். நீள இறக்கத்துல பிரேக் புடிச்சுட்டே வந்தா அந்த சூட்டுல உள்ள ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. அதனால 2 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, இறக்கத்துல சின்ன கியர்ல இறங்குங்க. பெடல் பஞ்சு மாதிரி இருந்தா லைன்ல காத்து, அத வெளியேத்தணும், அதுக்குப் பேர் பிளீடிங்.

ஏபிஎஸ் அடிக்கறப்ப பெடல் காலுக்கு அடியில அதிரும், பயந்து கால எடுத்துடாதீங்க, அழுத்தியே புடிச்சு ஸ்டியரிங்க திருப்புங்க. வீல் லாக் ஆகாம திருப்ப விடறது தான் ஏபிஎஸ்ஸோட வேலை.

படி 9: டயர் பக்கத்துல எழுதியிருக்கறது

185/65 ஆர்15 88ஹெச். 185 அகலம், மில்லிமீட்டர்ல. 65ன்னா பக்க சுவரோட உயரம் அகலத்துல 65 சதவீதம், சுமார் 120 மிமீ. ஆர் ரேடியல், 15 இன்ச் ரிம். 88ங்கறது ஒரு டயர் 560 கிலோ வரைக்கும் தாங்கும், ஹெச்னா 210 கிமீ வேகம் வரைக்கும். டாட்னு ஆரம்பிக்கற வரிசையோட கடைசி 4 எண் தயாரிச்ச தேதி: 2323ன்னா 2023ல 23வது வாரம்.

இந்த டயரோட சுத்தளவு கிட்டத்தட்ட 1.95 மீட்டர். இப்ப படி 6க்குப் போங்க, அஞ்சாவது கியர்ல மொத்தம் 3.2. இன்ஜின் 3000ல வீல் சுமார் 937 சுத்து, அத 1.95ஆல பெருக்கி மணிக்கணக்குக்கு மாத்தினா சுமார் 110 கிமீ. இன்ஜினுக்குள்ள செகண்டுக்கு 100 தடவ எரிஞ்ச நெருப்பு தான் ரோட்ல இந்த வேகமா வந்திருக்கு.

காத்து அளவு காலையில வண்டி ஓடறதுக்கு முன்னாடி பாருங்க, ஓடின டயர்ல அழுத்தம் ஏறியிருக்கும். டயரோட நடு மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா அலைன்மென்ட், அதாவது வீல் நிக்கற கோணம், சரியில்ல.

படி 10: லைட் எரிஞ்சா, மெக்கானிக்கிட்ட போனா

டாஷ்போர்டுல சிவப்பு லைட்னா நிறுத்துங்க, மஞ்சள்னா சீக்கிரம் காட்டுங்க. சிவப்புல ஆயில் கேன் படம் எரிஞ்சா பத்து மீட்டர் கூட வேண்டாம், ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிடுங்க, ஆயில் அழுத்தம் இல்லாம கிராங்க் பேரிங் ரொம்ப நேரம் தாங்காது. மஞ்சள்ல செக் இன்ஜின் லைட் நிலையா எரிஞ்சா அன்னைக்கோ மறுநாளோ ஸ்கேன் பண்ணி ஈசியூ என்ன கோட் பதிஞ்சு வெச்சிருக்குன்னு பார்க்கலாம். மின்னி மின்னி எரிஞ்சா எரியாத பெட்ரோல், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போயிட்டு இருக்குன்னு அர்த்தம், மிதிக்காம ஓரம் கட்டுங்க. ஸ்கேனர்ல பி0301ன்னு வந்தா முதல் சிலிண்டர்ல மிஸ்ஸிங். அது பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரான்னு அந்த நம்பர் சொல்லாது, அதனால கோட் வந்த உடனே பார்ட்ட மாத்தச் சொல்லாதீங்க. முதல் சிலிண்டர் காயில ரெண்டாவதுல மாத்திப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க, கோட் பி0302ஆ மாறினா காயில் தான்.

மெக்கானிக்கிட்ட பேசறப்ப அஞ்சு விஷயத்த எழுதியே எடுத்துட்டுப் போங்க: எந்தப் பக்கம், என்ன மாதிரி சத்தம், எந்த வேகத்துல, இன்ஜின் சூடானப்பவா ஆறியிருக்கறப்பவா, எப்ப இருந்து. "அண்ணே, முன்னாடி இடது பக்கம், இருபதுல போறப்ப ஒரு வீல் மட்டும் பள்ளத்துல இறங்கினா டொக்குனு வருது, பிரேக் புடிச்சாலும் அதே சத்தம் தான், மூணு வாரமா இருக்கு" அப்படின்னு சொல்லிட்டு, பார்ட் பேர் தெரிஞ்சாலும் வாய் விடாம, அவர் வீலுக்குப் பின்னாடி கைய விடற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க.